இடது பக்கப் பெட்டி: அவிநாசி – மூலனூர், 84 கிலோமீட்டர்

பைக்கின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் மாட்டுகிற கெட்டிப் பெட்டிகளைப் பற்றி எழுதச் சொல்லி ஏழெட்டுப் பேர் மெயில் அனுப்பியிருந்தீர்கள். எந்த உலோகம், எத்தனை லிட்டர், எங்கே செய்வது, எவ்வளவு ஆகும் என்றெல்லாம் கேள்விகள். எல்லாவற்றுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் இது சந்தோஷமான பதிவு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லடாக், லே என்று இமயமலை போகிற கனவோடு வந்தவர்கள் அளவுகளை மட்டும் குறித்துக்கொண்டு பாதியில் கிளம்பிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2008 ஜனவரி, பொங்கல் முடிந்த ஞாயிறு. புதிதாகச் செய்த பெட்டிகளை மாட்டிக்கொண்டு அவிநாசியிலிருந்து மூலனூர் போய்த் திரும்புவதாகத் திட்டம். ஜூனில் லே போவதற்கு முன் ஒரு சோதனை ஓட்டம். எனக்குப் பெருமாநல்லூரில் ஒரு தையல் யூனிட் இருக்கிறது. இருபத்திரண்டு மெஷின், பெரிய கம்பெனிகளுக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கிற வேலை. வண்டி 350 சிசி. வெளிநாடுகளில் காடு மலை ஏறுவதற்கென்றே அட்வெஞ்சர் பைக் என்று தனி ரகம் விற்கிறார்கள். நம் ஊரில் அது கிடைக்காததால் ஹேண்டில்பாரை உயர்த்தி, மண்ணைக் கவ்வுகிற பட்டன் டயர் போட்டு, அடியில் இரும்புத் தகடு அடித்து, என் வண்டியை நானே அப்படி ஆக்கிக்கொண்டேன்.

பின் இருக்கையில் வரவேண்டியவன் மயில்சாமி. ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன், அவிநாசியில் இருக்கிறான். நிட்டிங் மெஷின் ஃபிட்டர். ஃபிட்டராக இருந்தான் என்று எழுதவேண்டும். துணி பின்னுகிற அந்த மெஷினைச் சரிபார்க்க அடியில் குந்தி உட்கார வேண்டும், அவனால் இப்போது குந்த முடியாது. நூல் குடோனில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூட்டை எண்ணுகிறான். அவனை மறுபடியும் என் வண்டியில் ஏற்றவேண்டும் என்பதுதான் இந்தப் பெட்டி வேலை முழுவதற்கும் காரணம். அது நடந்துவிட்டால் பழையது எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு எனக்குள் இருந்தது.

பழையது என்ன என்று சொல்லாமல் பெட்டியைப் பற்றிச் சொல்ல முடியாது. 2005 டிசம்பரில் நாங்கள் இருவரும் கன்னியாகுமரிக்குக் கிளம்பினோம். அப்போது பெட்டி கிடையாது, கான்வாஸ் பைதான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு திமிர் உண்டு. துணி சம்பந்தப்பட்ட எதையும் கடையில் வாங்க மாட்டோம். வீட்டில் இத்தனை மெஷின் இருக்கும்போது ஒரு துணிப் பைக்கு எதற்குக் காசு என்று நானே வெட்டி நானே தைத்தேன். பனியன் துணி இழுபடும் என்பதால் எங்களிடம் இருப்பதெல்லாம் பெரும்பாலும் ஃப்ளாட்லாக் மெஷின்கள். அதில் விழுவது சங்கிலித் தையல், செயின் ஸ்டிச். துணியோடு சேர்ந்து தையலும் இழுபட்டுக் கொடுக்கும். ஆனால் ஒரு முனையில் நூல் அறுந்து சரியான பக்கம் இழுபட்டால், அரிசி மூட்டையின் வாயைப் பிரிப்பது போல மொத்தத் தையலும் கையோடு வந்துவிடும். பையின் வாருக்கு, நூல் அறுந்தாலும் பிரியாத லாக் தையல்தான் போடவேண்டும் என்பது இந்தத் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவருக்குக்கூடத் தெரியும். என்னிடம் இருந்த ஒரே லாக் மெஷினில் அன்று யாருடைய சாம்பிளோ ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ளாட்லாக் சும்மா நின்றது. பத்து நிமிஷம் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் அதில் உட்கார்ந்து தைத்துவிட்டேன்.

திண்டுக்கல்லுக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால் வார் பிரிந்து பின்சக்கரத்தில் சுற்றியது. சக்கரம் பூட்டிக்கொண்டது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. மயில்சாமியின் வலது காலுக்கு மேல் வண்டி. மூன்று ஆபரேஷன், இரண்டு பிளேட். முழங்கால் முன்போல மடங்காது என்று டாக்டர் சொன்னார். பை எப்படிப் பிரிந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "ரோட்டுல கெடந்த கம்பி ஏதோ மாட்டிருச்சு" என்று ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரிடமும் சொன்னேன். அதையே இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

அதனால்தான் இந்த முறை கெட்டிப் பெட்டி. தையலே இல்லாத பொருள்.

இனி நீங்கள் கேட்டது. முதலில் பார்த்தது கோயமுத்தூரில் கிடைக்கும் ஃபைபர் பெட்டி. ஜோடி 2,800 ரூபாய். எடை குறைவு, மழை இறங்காது. ஆனால் பூட்டு பொம்மைப் பூட்டு, கீல் இருக்கிற இடத்தில் ஃபைபர் மெலிந்திருக்கிறது. வண்டி ஒருமுறை சாய்ந்தால் வாய் பிளந்துவிடும். இரண்டாவது, சென்னையில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொடுக்கிற அலுமினியப் பெட்டி. ஜோடி 38,000, மாட்டுகிற ரேக் தனி. பார்க்க அழகு, தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாவது வழி நம் ஊரிலேயே இருந்தது. அவிநாசி ரோட்டில் டையிங் மெஷின் தொட்டிகள் செய்கிற பட்டறைகள். கொதிக்கிற சாயத் தண்ணீர் ஒரு சொட்டு ஒழுகாமல் தொட்டி செய்கிறவர்களுக்கு ஒரு பெட்டி எம்மாத்திரம்?

பட்டறைக்காரர் ராஜமாணிக்கத்துக்கு ஐம்பது வயது இருக்கும். நான் வரைந்துகொண்டு போன பெட்டிப் படத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"ஏனுங்க, அலுமினியம் எதுக்குங்க? எஸ்எஸ் போட்டுருலாமுங்க. நீங்க போனாலும் பொட்டி போவாதுங்க."

"எடை என்னங்க வரும்?"

"அதென்னங்க பெரிய எடை. ஒரு பொட்டி எட்டு, எட்டரை கிலோ."

எங்கள் பக்கத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் நல்ல சாமான், அலுமினியம் இளப்பம். சாயத் தொட்டிக்கு அது சரி. பைக்குக்குச் சரிவராது. இரண்டு பெட்டியும் ரேக்கும் சேர்ந்தால் காலி நிலையிலேயே இருபது கிலோ தாண்டிவிடும், கரடுமுரடான ரோட்டில் பின் ஃப்ரேம் விரிசல் விடும். 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் அதே பெட்டி ஐந்து கிலோதான். அரைமணி நேரம் வாதாடி ஒத்துக்கொள்ள வைத்தேன். அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் வேண்டும், எல்லாப் பட்டறையிலும் அதற்குக் கை வராது, கேட்டுக்கொண்டு போங்கள்.

அளவு: நீளம் 45, உயரம் 38, அகலம் 24 சென்டிமீட்டர். ஒரு பெட்டிக்கு ஏறக்குறைய 41 லிட்டர். என் வண்டியில் சைலன்சர் வலது பக்கம் இருப்பதால் அந்தப் பக்கப் பெட்டி ஒன்பது சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது, இடது பக்கம் நாலுதான். மொத்த அகலம் 91. ஹேண்டில்பார் 84. ஹேண்டில்பார் நுழைகிற சந்தில் பெட்டி நுழையாது என்பதை டிராஃபிக்கில் மறக்கவே கூடாது. மூடிக்கு டையிங் மெஷின் கதவில் ஒட்டுகிற சிலிக்கான் பட்டையை, கேஸ்கெட்டையே ஒட்டினார் ராஜமாணிக்கம். பெட்டிக்குள் பழைய பேப்பரைப் போட்டுப் பூட்டி, மூன்று மணி நேரம் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி வைத்தார். பேப்பர் நனையவில்லை. தகடு 1,750, கூலி 2,400, பூட்டும் கீலும் 420, ரேக் 1,350, பவுடர் கோட்டிங் 300. ஆக 6,220 ரூபாய்.

தகட்டை வெட்டும் முன் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். எங்கள் தொழிலில் ஆயிரம் பீஸ் வெட்டும் முன்னால் ஒரு பீஸ் தைத்து, ஆளுக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபிட் சாம்பிள் என்போம். அதேபோல ஏற்றுமதி அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, அதே அளவில் இரண்டு அட்டைப் பெட்டிகள் செய்து வண்டியில் கட்டினேன். பின் இருக்கையில் பேக்கிங் செக்‌ஷன் குமாரை உட்காரவைத்தேன். ஏறு, இறங்கு, குதிகால் இடிக்கிறதா, கால் எங்கே வைக்கிறாய் என்று பத்துத் தடவை கேட்டுக் குறித்துக்கொண்டேன். பெட்டிகளை இரண்டு சென்டிமீட்டர் பின்னால் தள்ளி ஓகே செய்தேன். குமாருக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன.

மயில்சாமியைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கலாம். அவன் வீடு பதினோரு கிலோமீட்டர்தான். கூப்பிட்டால் உன் முழங்கால் எவ்வளவு மடங்கும் என்று கேட்கவேண்டும். அதைக் கேட்டால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். குமார் ஏறினால் போதும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பெட்டி தயாரான பிறகு போனில்தான் அழைத்தேன். எவ்வளவு தூரம் என்று கேட்டான். பிறகு "செரி, வாறேன்" என்றான்.

ஞாயிறு காலை 6.10-க்குப் பெருமாநல்லூரில் கிளம்பி 6.35-க்கு அவிநாசி சேர்ந்தேன். பனி இன்னும் விலகவில்லை. மயில்சாமி குடியிருப்பது வரிசையாக ஆறு வீடுகள் கொண்ட ஒரு லைன் வீடு. அவன் மனைவி செல்வி வாசலில் நின்றிருந்தார். ஒரு பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக டெய்லர்.

"வாங்ண்ணா. டீ வெக்கட்டுங்ளா?"

நேரமாகிவிட்டது என்று சொன்னேன். மயில்சாமி இஸ்திரி போட்ட பேன்ட், ஷூவோடு வெளியே வந்தான். வலது காலைப் பக்கவாட்டில் அரைவட்டமாக வீசி வீசி நடந்தான். குடோனில் நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்துப் பழகியதால் அந்த நடை எனக்குப் புதிதாக இருந்தது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தான்.

"ஆர்கானா? வெல்டு நல்லா இழுத்திருக்கான்டா. கேஸ்கெட்டு டையிங் மெசினுதா?"

"அதேதான்."

"ம். ஒழுகாது."

நான் உட்கார்ந்து வண்டியைப் பிடித்துக்கொண்டேன். அவன் இடது பக்கம் வந்து, இடது காலை ஃபுட்ரெஸ்டில் வைத்து, என் தோளைப் பிடித்து எழும்பி, வலது காலைத் தூக்கி வீசினான். மடங்காத கால் வளைந்து வராது, கட்டையாகத்தான் வரும். ஷூ இடது பெட்டியின் மூடியில் டங்கென்று மோதியது. இறங்கினான். மறுபடி முயன்றான், மறுபடி மோதியது. மூன்றாவது தடவை நான் இறங்கிக்கொண்டு அவனை முதலில் ஏறச் சொன்னேன். கால் பெட்டிமேல் மாட்டிக்கொண்டு மல்லாக்கச் சாயப் போனான், நான் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வெளியே வந்து பார்த்தார்கள். அவன் முகம் சிவந்துவிட்டது.

செல்விதான் பேசினார். "அவரு நான் ஓட்டற மொபெட்டுல ஒருபக்கமாத்தானுங்ண்ணா உக்காருவாரு. ரெண்டு காலயும் இடப்பக்கம் தொங்கப் போட்டுக்குவாரு. உங்களுக்குத் தெரியாதுங்ளா?"

எனக்குத் தெரியாது. இரண்டு காலையும் தொங்கப் போடுகிற இடத்தில்தான் என் இடது பெட்டி இருந்தது.

"அந்தப் பொட்டியக் கழட்டீர்றா" என்றான் மயில்சாமி. இரண்டு திருகு, நாற்பது நொடியில் கழற்றும்படி ரேக்கைச் செய்ததில் எனக்குப் பெருமை இருந்தது. நாற்பது நொடியில் கழன்றது. அதை அவர்கள் வீட்டு வாசலில் வைத்தேன். வலது பெட்டியில் இருந்த ஸ்பேனர், டியூப், பம்பு எல்லாவற்றையும் எடுத்து டேங்க் மேல் கட்டிக்கொண்டேன். ஒற்றைப் பெட்டியோடு ஓட்டவேண்டி வந்தால் நீங்களும் அதைக் காலி செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

7.05-க்குக் கிளம்பினோம். மயில்சாமி இடது பக்கம் பார்த்து உட்கார்ந்து, ஒரு கையால் என் தோளையும் ஒரு கையால் இருக்கைக் கம்பியையும் பிடித்துக்கொண்டான். முப்பத்தைந்துக்கு மேல் போகவில்லை. பதினாலு கிலோமீட்டர் திருப்பூருக்கு முப்பத்தைந்து நிமிஷம். பொங்கல் லீவு முடியாததால் ஊரே ஷட்டர் இறங்கிக் கிடந்தது. வேலைக்கு வந்த தெற்கத்திக்காரர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். போக வழியில்லாத வடநாட்டுப் பையன்கள் நாலைந்து பேர் டீக்கடை வாசலில் வெயிலுக்காக நின்றிருந்தார்கள். நொய்யல் ஆற்றுப் பாலத்தில் சாயக்கழிவு நாற்றம் மட்டும் லீவு எடுக்கவில்லை. கீழே கருநீலத் தண்ணீர் நுரையோடு போனது.

தாராபுரம் ரோட்டில் ஊர் தாண்டியதும் வெட்டவெளி. இரண்டு பக்கமும் காய்ந்த புன்செய்க் காடு, வேலி முள், தூரத்தில் காற்றாலைகள். 350 சிசி வண்டியில் போகிறவர்களுக்கு இது நல்ல ரோடு, எழுபதில் போகலாம். நான் முப்பத்தெட்டில் போனேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் தோளில் அவன் விரல்கள் இறுகுவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. ஒரு லாரி எங்களை ஒட்டித் தாண்டியபோது "மாப்ள, மெதுவா" என்றான். "மெதுவாத்தான்டா போறேன்" என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

குண்டடத்தில் 8.50-க்கு டீ. டீக்கடைக்காரர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இதுக்கு ஒருபக்கந்தான் பொட்டி வருமுங்ளா?"

"அந்தப்பக்கப் பொட்டிக்குப் பதிலாத்தானுங்க நான்" என்றான் மயில்சாமி. டீக்கடைக்காரர் சிரித்தார். நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அங்கேயே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் ரேக்கை எந்த கேஜ், அதாவது எத்தனை தடிமன், பைப்பில் செய்தது என்று விளக்கம் சொல்லி முடித்துக்கொண்டேன்.

தாராபுரம் 9.35. அங்கிருந்து மூலனூர் இருபத்தொரு கிலோமீட்டர், 10.20-க்குச் சேர்ந்தோம். அவிநாசியிலிருந்து மீட்டரில் சரியாக 84. மூலனூரில் முருங்கைக்காய்ச் சந்தை பார்க்கவேண்டிய இடம். ஜனவரியில் வரத்துக் குறைவு, கட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. பார்க்கப் போகிறவர்கள் பங்குனி, சித்திரையில் போங்கள்.

வண்டியை நிறுத்தியதும் மயில்சாமி இறங்கினான், இறங்கினவன் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். மூன்றே கால் மணி நேரம் தொங்கியதில் நல்ல காலும் மரத்துப்போயிருந்தது. ஒரு காய் வியாபாரி ஓடிவந்து ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டார். "இதுல உக்காருங்க சாமி, பதறாதீங்க." நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தேன். கை முழுக்க வேர்த்திருந்தது அவனுக்கு. குளிர்காலம்.

"நான் பஸ்ஸுல போயிக்கறேன்டா" என்றான்.

"சித்த நேரம் இரு, செரியாயிரும்."

"காலு செரியாயிரும். பயம்தான்டா. ஒவ்வொரு மேட்டுக்கும் உசுரு போயிட்டு வருது."

நான் உடனே திட்டம் போட ஆரம்பித்தேன். ஜூனுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, வலது பக்கம் முன்னால் தள்ளி ஒரு ஃபுட்ரெஸ்ட் வைக்கலாம், இடது பெட்டியைப் பத்து சென்டிமீட்டர் பின்னால் தள்ளலாம், முதுகுக்கு ஒரு சாய்மானம் வைக்கலாம். அவன் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டுக்கொண்டான்.

"என்ற காலு எவ்வளவு மடங்கும்னு உனக்குத் தெரியுமாடா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"முப்பது டிகிரி. அவ்வளவுதான். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல? குமாருக்கு அளவெடுத்திருக்க."

குமார் விஷயம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் எல்லா யூனிட்டுச் செய்தியும் எல்லோருக்கும் தெரியும். "கேட்டா, பையப் பத்திப் பேச வேண்டி வருமேன்னு..." என்று இழுத்தேன்.

"செயின் ஸ்டிச்சு" என்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"செல்விதான் பாத்தா. நான் ஆபரேசன் தேட்டர்ல இருக்கறப்ப பையை மடில வெச்சுட்டு உக்காந்திருந்திருக்கா. நூலு தொங்கியிருக்கு. இழுத்தாளாம், மிச்சமிருந்ததும் ஒட்டுக்கா வந்துருச்சாம். பன்னெண்டு வருசமா அந்த மெசின்லதான்டா ஒக்காந்திருக்கா. அவளுக்குத் தெரியாதா?"

"ஒரு வார்த்தை சொல்லலியேடா நீ."

"நீ சொல்லோணும்னு இருந்தோம்."

அப்புறம் எதற்கு இன்றைக்கு வந்தாய் என்று கேட்டேன்.

"ரெண்டு வருசத்துல இப்பத்தான் நீ என்னை எங்கயாச்சும் கூப்பிட்டிருக்க. வழில எங்கயாவது சொல்லுவேன்னு நெனச்சேன். குண்டடத்துல வாயத் தொறந்த, பைப்பு கேஜ் சொன்ன."

மன்னிச்சுக்கடா என்றேன். கூடைக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துதான் சொன்னேன். காய் வியாபாரி எங்களைப் பார்க்காதது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மயில்சாமி என் தோளைத் தட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. "எங்கிட்டச் சொன்னது செரி. அவகிட்டயும் சொல்லு" என்றான்.

11.20-க்குத் தாராபுரம் வழியாகத் திருப்பூர் போகிற பஸ் வந்தது. டிக்கெட் 24 ரூபாய். படியில் ஏற நானும் கண்டக்டரும் கை கொடுத்தோம். முன்பக்க சீட்டில் உட்கார்ந்து வலது காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டான். "காலை மடக்கிக்குங்க" என்று யாரோ சொல்வதும் அவன் ஏதோ பதில் சொல்வதும் ஜன்னல் வழியாகக் கேட்டது.

எழுபது கிலோமீட்டர் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தேன். அது நின்ற இடத்தில் எல்லாம் நின்றேன். முந்திப் போக மனம் வரவில்லை. திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் அவன் அவிநாசி பஸ்ஸுக்கு மாறவேண்டும். பஸ் கிளம்ப இருபது நிமிஷம் இருந்தது. "நீ முன்னால போ, போய்ப் பேசு" என்றான் ஜன்னலில் இருந்தே.

மணி இரண்டுக்கு அவிநாசி. வண்டிச் சத்தம் கேட்டு செல்வி வாசலுக்கு வந்தார். என் பின்னால் யாரும் இல்லாததைப் பார்த்தார். நான் அவன் இல்லாமல் அந்த வாசலுக்குத் திரும்பி வருவது இது இரண்டாம் தடவை. திண்டுக்கல் விபத்தைச் சொல்ல வந்த அந்தத் தடவை போலவே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு எங்கீங்ண்ணா?"

"நல்லா இருக்காம்மா. ஒண்ணுமில்ல. பஸ்ல வர்றான், அரைமணில வந்துருவான்."

அவர் கதவு நிலையை விட்டார். நான் வண்டியில் இருந்து இறங்கி, பையை ஃப்ளாட்லாக்கில் தைத்தது, லாக் மெஷினுக்குப் பத்து நிமிஷம் காத்திருக்காதது, கம்பி மாட்டியது என்று எல்லோரிடமும் பொய் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் குறுக்கிடாததால் சீக்கிரம் முடிந்துவிட்டது. இரண்டு வருஷம் சுமந்த விஷயம் சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

செல்வி அழவில்லை. உள்ளே போய் இடது பெட்டியைத் தூக்கிவந்து என்னிடம் கொடுத்தார். வெயில் படாமல் உள்ளே எடுத்து வைத்திருந்திருக்கிறார்.

"எங்க கம்பெனில லாக் மெசினு ஆறு கெடக்குதுங்ண்ணா. ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா, நானே தெச்சுக் குடுத்திருப்பனே."

பெட்டியை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி செய்ய இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். 2 மில்லிமீட்டர் அலுமினியம் போதும், யார் எவ்வளவு சொன்னாலும் ஸ்டீலுக்கு மயங்காதீர்கள். 40 லிட்டருக்கு மேல் பெரிதாகச் செய்தால் தேவையில்லாததை எல்லாம் அடைப்பீர்கள். கனமான சாமான் பெட்டியின் அடியில், வண்டிப் பக்கமாக இருக்கட்டும். அட்டைப்பெட்டியில் மாதிரி செய்து பார்ப்பது நல்ல யோசனைதான், என் தவறு அதில் இல்லை. அதில் யாரை உட்காரவைத்தேன் என்பதில்தான். ரேக்கின் போல்ட்டுகளை முதல் நூறு கிலோமீட்டரில் ஒருமுறை இறுக்குங்கள், என்னுடையதில் இரண்டு தளர்ந்திருந்தன. அன்று போய்வந்ததற்குப் பெட்ரோல் 300 ரூபாய் ஆனது.

ஜூனில் நான் லே போகவில்லை. தனியாகப் போய்விட்டு வாடா என்று மயில்சாமி சொல்கிறான், எனக்கு மனம் இல்லை. பெட்டிகள் இரண்டும் ரேக்கோடு யூனிட்டில் இருக்கின்றன. யாருக்காவது வேண்டுமென்றால் பெருமாநல்லூர் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். பின்னால் உட்காரப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் ஏறி, உட்கார்ந்து, எங்கேயும் இடிக்கவில்லை என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் கொடுப்பேன்.